தாழ்ந்த காரும் தலைநிமிர்ந்த அச்சும்

மோட்டார் வண்டியின் முன்பக்கத்தை நாம் யாவரும் அறிவோம். பளபளக்கும் விளக்குகளும், மூடியைத் திறந்தால் எஞ்சினும் என்று அங்கே பார்ப்பதற்குப் பல பொருள்கள் உண்டு. பின்பக்கமோ, பெட்டி படுக்கைகளை ஏற்றும் இடம் என்ற அளவிலேயே நமது கவனத்துக்கு வருகின்றது. வண்டியின் வயிற்றுக்குக் கீழே, சேறும் எண்ணெயும் படிந்து கிடக்கும் ஓர் இரும்பு அச்சு சில பாகை அளவு தலைநிமிர்ந்துவிட்டால், அதன் பொருட்டு ஒரு வீட்டில் தந்தையும் மகனும் முகங்கொடுத்துப் பேசாதிருக்க நேரிடும் என்று எவரேனும் கூறியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், நேரிற் கண்டபடியால் நம்புகின்றோம்.

டெற்றோயிற் நகரிலிருந்து வடமேற்கே பொண்டியாக் என்னும் ஊர்வரை வூட்வேட் அவெனியூ என்ற அகன்ற வீதி செல்கின்றது. அதற்கு அண்மையில் நமது தமையனாரின் மகள் குடியிருக்கின்றாள். அவளுடைய வீட்டிற் சில வாரங்கள் தங்கியிருந்தோம். அடுத்த வீட்டுக்காரர் பாடசாலை ஆசிரியர், ஐம்பதைக் கடந்தவர். அவரோடிருந்த தந்தையாருக்கு வயது எண்பத்திரண்டு. பொண்டியாக் தொழிற்சாலையில் முப்பது வருடங்களுக்கு மேலாக மோட்டார் வண்டிகளைப் பூட்டிய கைகள் அவருடையவை. இப்பொழுது கண்பார்வை பெரும்பாலும் மங்கிவிட்டது. வெளிச்சம் எது, நிழல் எது என்று மாத்திரம் தெரியுமாம். ஆனால் வீதியிற் செல்லும் வண்டியின் ஓசையைக் கேட்டு அதன் பெயரையும் ஆண்டையும் சொல்லிவிடுவார். அவர் சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் அறிவு நமக்கு இருக்கவில்லை. அயலிலுள்ள சிறுவர்களுக்கு இருந்தது. அவர்கள் தோற்றுப்போவதைப் பலமுறை பார்த்தோம்.

அவ்வீட்டுக் கொட்டகையில் 1967ஆம் ஆண்டின் பொண்டியாக் ஜி.ரி.ஓ. ஒன்று நின்றது. கிழவர் இளைஞனாக இருந்தபோது தம் சம்பளத்தில் மாதந்தோறும் பணங்கட்டி வாங்கிய வண்டி.

ஜி.ரி.ஓ. என்ற பெயர் நம் நாட்டவர்க்கு அதிகம் பழக்கமானதன்று. 1964ஆம் ஆண்டில், ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் பொண்டியாக் பிரிவினர் ஒரு துணிச்சலான காரியத்தைச் செய்தனர். நடுத்தர அளவுள்ள வண்டிகளுக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பூட்டலாகாது என்பது அந்நிறுவனத்தின் கட்டளை. ஜோன் டிலோரியன் முதலிய பொறியியலாளர், 389 கன அங்குல எஞ்சினைப் புதியதொரு வண்டிக்கு அல்ல, முன்னரே விற்பனையிலிருந்த லெமான்ஸ் வண்டிக்கு ‘விரும்பினால் மேலதிகமாகப் பெறக்கூடிய உறுப்பு’ என்று பட்டியலிற் சேர்த்துவிட்டனர். கட்டளையும் மீறப்படவில்லை, காரியமும் கைகூடிற்று. மலிவான உடலும் மலைபோன்ற எஞ்சினும் கொண்ட இவ்வகை வண்டிகளை அமெரிக்கர் ‘மஸ்ல் கார்’ என்றழைத்தனர். தசைவலி படைத்த வண்டி என்று நாம் சொல்லலாம். செவ்ரோலெற், போர்ட், டொட்ஜ் முதலிய யாவரும் போட்டிக்கு வந்தனர். 1967இல் ஜி.ரி.ஓ.வின் எஞ்சின் 400 கன அங்குலமாக வளர்ந்து 335 குதிரைவலுவை எட்டியிருந்தது. பொண்டியாக் என்ற பெயரையே 2010இல் ஜெனரல் மோட்டர்ஸ் கைவிட்டுவிட்டது. ஆகவே, அக்கொட்டகையில் நின்றது கிழவரைப் பொறுத்தவரை வெறும் வண்டியன்று என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்வர்.

மகனும் அவ்வண்டியை நேசித்தவர்தாம். தந்தையாருக்குப் பார்வை குன்றியபின் பல வருடங்கள் தூசியில் நின்றதை எடுத்து, தம் சேமிப்பைச் செலவிட்டுப் புதுப்பித்தார். புதுப்பித்தவர் அத்தோடு நின்றிருக்கலாம். வண்டியை இரண்டு அங்குலம் தாழ்த்தவும் செய்தார்.

நல்ல வண்டியை ஏன் தாழ்த்தவேண்டும் என்று நாம் கேட்டோம். தாழ்ந்து நின்றால் பார்வைக்கு அழகு என்றும், பாரம் நிலத்தை அண்டியிருப்பதால் வளைவுகளிற் சாயாது செல்லும் என்றும் விடை வந்தது. அழகைப்பற்றி நாம் வாதாடவில்லை. நம் ஊர் வீதிகளில் அவ்வண்டி முதலாவது வேகத்தடையிலேயே வயிறு தட்டி நின்றுவிடும் என்று மனத்துள் எண்ணிக்கொண்டோம்.

தாழ்த்திய நாள் தொடக்கம் வண்டி நடுங்கத் தொடங்கிற்று. மணிக்கு நாற்பது மைல்வரை ஒன்றுமில்லை. ஐம்பதைக் கடந்ததும் ஆசனத்தின் அடியில் ஒரு முனகல். அறுபதில் அம்முனகல் முதுகெலும்பில் ஏறும். மகன் சில்லுகளைச் சமநிலைப்படுத்துவித்தார். புதிய ரயர்கள் வாங்கினார். எஞ்சின் தாங்கும் இறப்பர்களை மாற்றினார். நடுக்கம் நீங்கவில்லை. கிழவர் ஒரேயொரு தடவை ஏறினார்; ஐந்து மைல் செல்லுமுன் வீட்டுக்குத் திரும்பச் சொன்னார். “இது என் வண்டியல்ல” என்றாராம். அந்த ஒரு வார்த்தை மகனைச் சுட்டுவிட்டது. நாம் சென்றபோது அவர்கள் ஒரே மேசையில் உண்டுகொண்டு, உப்பையும் மிளகையும்பற்றி மாத்திரம் பேசிக்கொண்டிருந்தனர்.

ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் சனிக்கிழமையன்று வூட்வேட் வீதியிற் பழைய வண்டிகளின் பெரும் பவனி ஒன்று நடப்பதுண்டு. 1995 முதல் நடந்துவருவது. நமது தேர்த்திருவிழாவை நினைவூட்டும் சனக்கூட்டம். அதற்கு மூன்று வாரங்களே இருந்தன. தந்தையாரை வண்டியில் வைத்துப் பவனியிற் செல்லவேண்டும் என்பதே மகனுடைய நோக்கமெல்லாம். கிழவரின் இருதயமும் அவ்வளவு நன்றாக இல்லை. அடுத்த வருடப் பவனி என்ற பேச்சை அவ்வீட்டில் எவரும் எடுக்கவில்லை.

ஒருநாள் மாலை, வேலியோரத்தில் நின்று நாம் இந்நடுக்கத்தைப்பற்றி ஏதோ கேட்கப்போக, கிழவர் நமக்கு விடை கூறுபவர்போல மகனுக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னார்: “காலைத் தூக்கினால் சத்தம் மாறுகின்றதா என்று கேளுங்கள்.”

மகன் தோட்டத்தில் நின்றபடியே, “மாறுகின்றது, காலை அழுத்தினால் கூடும், எடுத்தால் வேறு விதமாகும்” என்றார்.

“எந்தக் கியரிலும் அதே அறுபதிலா?”

“எந்தக் கியரிலும் அதே அறுபதில்தான்.”

“அப்படியானால் எஞ்சினைக் குற்றஞ் சொல்லாதே. சில்லையும் சொல்லாதே. சில்லுக்கு உன் கால் எங்கே இருக்கின்றது என்று தெரியாது. பின் அச்சின் மூக்கைப் பார்.”

இந்த நான்கு வாக்கியங்களுக்குள் அடங்கிய விஷயத்தை விளங்கிக்கொள்ள நமக்கு இரண்டு நாள் பிடித்தது. வாசகர்களுக்கு இயன்றவரை சுருக்கித் தருகின்றோம்.

இவ்வகை வண்டியில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் முன்னே இருக்கின்றன. இழுக்கும் சில்லுகள் பின்னே இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் நீண்ட உருக்குக் குழாய் ஒன்று சுழன்று வலுவைக் கொண்டுசெல்கின்றது. அதைப் புரொப்பெல்லர் ஷாப்ற் என்பர். நாம் தண்டு என்போம். பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டையான பெட்டியிலிருந்து முன்னோக்கி நீண்டிருக்கும் மூக்கில், பினியன் என்ற சிறு பற்சில்லு இருக்கின்றது. தண்டு அதைச் சுழற்ற, அது சில்லுகளைச் சுழற்றுகின்றது. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடித்திரிந்த மொறிஸ் மைனரின் கீழும் இதே ஏற்பாடுதான். வலுவில் மட்டுமே வேற்றுமை.

கியர்ப் பெட்டி வண்டியின் உடலோடு அசையாமல் இருக்க, பின் அச்சோ பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஏற்ப ஏறி இறங்குகின்றது. ஆகையால், தண்டின் இரு முனையிலும் வளைந்து கொடுக்கும் மூட்டு ஒவ்வொன்று வேண்டும். யூனிவேர்சல் ஜொயின்ற் என்பது அதன் பெயர். சிலுவை வடிவான சிறு உருக்குத் துண்டொன்றை இரு கவைகள் பற்றிப் பிடித்திருக்கும். பிடிக்கும் இடத்தில் ஊசிபோன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக இருக்கும். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயராலும், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ரொபேட் ஹூக்கின் பெயராலும் வழங்கும் பழைய உபாயம் இது. மோட்டார் வண்டிக்கு ஏற்றவாறு இதைத் திருத்தி 1903இல் உரிமைப்பத்திரம் பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைசர் என்ற அமெரிக்கர்.

இம்மூட்டில் ஒரு குணக்கேடு உண்டு. நேராக இருந்து சுழலும்வரை அது சாது. வளைந்த நிலையில் சுழலும்போது, உட்செல்லும் தண்டு எவ்வளவு சீராகச் சுழன்றாலும், வெளிவரும் தண்டு சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். வளைவு இரண்டு மடங்கானால் இந்த முந்தலும் பிந்தலும் நான்கு மடங்காகும். இரண்டு பாகை வளைவில் வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாலரைப் பாகையில் ஆயிரத்தில் மூன்று பங்காகின்றது. ஆயிரத்தில் மூன்று பங்கு ஒரு பொருட்டா என்று கேட்கலாம். அறுபது மைல் வேகத்தில், அவ்வண்டியின் தண்டு வினாடிக்கு ஏறக்குறைய 46 தரம் சுழல்கின்றது. ஆகவே ஒரு வினாடிக்குள் 92 தடவை அத்தண்டு உந்தப்படுகின்றது, பின்னிழுக்கப்படுகின்றது. கிழவரின் முதுகு எண்ணியது இத்தொண்ணூற்றிரண்டைத்தான்.

இதற்குப் பரிகாரம் மூட்டுக்குள்ளேயே இருக்கின்றது. இரண்டு பேர் ஒரு தடியிற் பாரம் சுமந்து செல்வதை எண்ணிப் பாருங்கள். முன்னவர் எவ்வளவு எட்டி வைக்கிறாரோ அவ்வளவுக்குப் பின்னவர் விட்டுக்கொடுத்தால் பாரம் குலுங்காது. அதுபோல, முன்மூட்டு கெடுத்த சீரைப் பின்மூட்டு அதே அளவு எதிராக வளைந்து சரிப்படுத்தும். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். இரு மூட்டுகளும் சம அளவு வளைந்திருக்கவேண்டும். இதற்கு எளிய வழி, கியர்ப் பெட்டியின் அச்சுக்கோடும் பினியனின் அச்சுக்கோடும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்பது. அவை ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டியதில்லை. சொல்லப்போனால் நிற்கவுங்கூடாது. மூட்டு அரைப் பாகையாவது வளைந்திருந்தால்தான் ஊசியுருளைகள் உருளும். உருளாவிட்டால் ஒரே இடத்தில் அடிபட்டு, சிலுவையில் தழும்பு விழுந்து, மூட்டுக் கெட்டுவிடும். மூன்று பாகைக்கு மேற்படாமலிருப்பதும் நன்று.

இவ்வளவோடு முடிந்திருந்தால் கணக்கு இலகு. ஆனால் அச்சு உயிருள்ளது போன்றது. எஞ்சின் வலுவைச் செலுத்திச் சில்லு நிலத்தைப் பின்னோக்கித் தள்ளும்போது, அச்சுக் கூடு எதிர்ப்பக்கமாக உருளப் பார்க்கும்; அதனால் பினியனின் மூக்கு மேலே எழும்பும். இந்த எழுச்சியை முன்கூட்டியே எண்ணி, வண்டி நிற்கும்போது மூக்கைச் சமாந்தர நிலையிலிருந்து ஒன்று அல்லது இரண்டு பாகை தாழ்த்தி வைப்பர். ஓடும்போது அது தானாகவே தன் இடத்துக்கு வந்துவிடும். தகட்டு வில்களில் அச்சைப் பூட்டிய கமாரோ, மஸ்டாங், டொட்ஜ் வண்டிகளில் வில்லே முறுக்குண்டு வளைவதால் தாழ்வு இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டும். அவ்வண்டிகளைத் தாழ்த்துவோர் வில்லுக்கும் அச்சுக்கும் இடையிற் கட்டைகளை வைப்பர். மூக்கைத் தாழ்த்த, தடித்த பக்கம் பின்னோக்கியிருக்க ஆப்பு வடிவான தகடுகளைச் செருகுவர். தகடு உருக்காக இருப்பது நல்லது; மென்மையான உலோகம் நசுங்கிவிடும். ஜி.ரி.ஓ.விலோ சுருள்வில்கள். அச்சைப் பிடித்திருப்பவை கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு இரும்புக் கைகள். மேற்கைகளைக் குறுக்கினால் மூக்குத் தாழும், நீட்டினால் நிமிரும். வண்டியைத் தாழ்த்தியபோது, நீட்டவும் குறுக்கவும் கூடிய மேற்கைகளை மகன் பூட்டுவித்திருந்தார். கருவி குறைவில்லை, அளவுதான் பிழைத்தது.

அடுத்த சனிக்கிழமை அளவெடுத்தனர். கிழவர் கொட்டகை வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்து கட்டளையிட்டார். வண்டியை உடலிற் பிடித்துத் தூக்கக்கூடாது. நான்கு சில்லுகளையும் சரிவுப் பலகைகளில் ஏற்றி, வண்டியின் பாரம் முழுவதும் சில்லுகளில் இறங்கியிருக்கவேண்டும். ரயர்களிற் காற்றுச் சரியாக இருக்கவேண்டும். தாங்கியிற் பாதிக்குக் குறையாமற் பெற்றோல் இருக்கவேண்டும். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடைகட்டை வைக்கவேண்டும். சாரதியின் ஆசனத்தில் ஓராள் இருக்கவேண்டும். அந்த ஓராளாக நாம் நியமிக்கப்பட்டோம். நமது உடற்பருமன் எக்காலத்திலும் எவருக்கும் பயன்பட்டதில்லை. அன்று விஞ்ஞானத்துக்குப் பயன்பட்டது.

மகன் கீழே தவழ்ந்து சென்று, காந்த அடியுள்ள சிறு பாகைமானியை மூன்று இடங்களில் ஒட்டிப் பார்த்து இலக்கங்களைச் சத்தமிட்டுச் சொன்னார். நிலம் சற்றுச் சரிந்திருந்தால் என்ன செய்வது என்று ஆசனத்திலிருந்தபடி கேட்டோம். மூன்று அளவையும் அதே சரிவு ஒரே மாதிரிப் பாதிப்பதால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது சரிவு தானே கழிந்துவிடும் என்று கிழவர் விளக்கினார். கியர்ப் பெட்டி பின்னோக்கி 3 பாகை தாழ்ந்திருந்தது. தண்டு 1 பாகை தாழ்ந்திருந்தது. பினியனின் மூக்கு 5.5 பாகை நிமிர்ந்திருந்தது.

ஆகவே முன்மூட்டில் வளைவு 2, பின்மூட்டில் 4.5.

கிழவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பின்னால் நாலரை, மூக்கு வானத்தைப் பார்க்கின்றது” என்றார். நடந்தது என்னவென்று அவரே ஊகித்தார். தாழ்த்திக் கொடுத்த கராஜ்காரர், வண்டியை உடலிற் பிடித்து உயரத் தூக்கி, பின் அச்சுத் தொங்கிய நிலையில் வேலைசெய்திருக்கவேண்டும். அச்சுத் தொங்கினால் தண்டு செங்குத்தாகச் சரியும். வளைவு இல்லாதிருப்பதே நல்லதென்று எண்ணி, பினியனைத் தண்டின் நேருக்கு நிமிர்த்திப் பூட்டியிருக்கிறார். தூக்கியில் நின்றபோது எல்லாம் நேர்கோடாகவே தெரிந்திருக்கும். நிலத்தில் இறக்கியதும் தண்டு எழும்பிற்று; மூக்கு நிமிர்ந்தபடியே நின்றுவிட்டது. மகன் அதை ஒப்புக்கொண்டார். தூக்கியில் வைத்தே அளந்ததைத் தாம் பார்த்ததாகவும், அப்போது அது தவறென்று தமக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

“எனக்குத் தெரிந்திருக்கும், நீ என்னிடம் கேட்கவில்லை” என்றார் கிழவர்.

“நீங்கள்தான் தாழ்த்தவே கூடாது என்று சொல்லிவிட்டீர்களே, பிறகு எப்படிக் கேட்பது?” என்றார் மகன், வண்டிக்குக் கீழேயிருந்து.

முகத்துக்கு முகம் பார்த்திருந்தால் இவ்வார்த்தைகள் வந்திருக்குமோ என்னவோ. நாம் இருவருக்கும் நடுவில், மேலே ஆசனத்தில், மூச்சுவிடாமல் இருந்தோம்.

வேலை இரண்டு மணி நேரம் நடந்தது. பூட்டுச் சுரைகளைத் தளர்த்தி, இரு மேற்கைகளையும் ஒரே அளவிற் குறுக்கவேண்டும். ஒன்று கூடினால் அச்சு பக்கமாக விலகும். கால் சுற்றுக்கு ஒருமுறை அளவு. மூக்குத் தாழத் தாழத் தண்டின் பின்முனையும் சிறிது தாழ்ந்தபடியால், தண்டின் பாகையும் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் மூன்று இடங்களையும் மீண்டும் அளக்கவேண்டியிருந்தது. முடிவில் கியர்ப் பெட்டி 3, தண்டு 1.5, மூக்கு 2 என்று நின்றது. முன்மூட்டில் ஒன்றரை, பின்மூட்டில், நிற்கும்போது அரை. வலு ஏறி மூக்கு ஒரு பாகை எழும்பினால் அதுவும் ஒன்றரை. இறப்பர்ப் பூண்களின் ஆணிகளை வண்டி சில்லுகளில் நிற்கும் நிலையிலேயே இறுக்கச் சொன்னார் கிழவர். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் முறுகி நிற்குமாம். தண்டு மேலெழும்போது தளத்திற் தட்டாமலிருக்க இடைவெளி உண்டா என்றும் பார்க்கச் செய்தார்.

இன்னுமொன்றையும் அவர் வற்புறுத்தினார். தண்டின் முன்பகுதியைச் சூழ ஓர் இரும்பு வளையம் பூட்டவேண்டும் என்றார். முன்மூட்டு உடைந்து தண்டு வீதியில் விழுந்து குத்தினால், ஓடும் வண்டியையே அது கோலூன்றிப் பாய்பவனைப்போலத் தூக்கி எறியக்கூடும். இத்தனை மாதமும் நாலரைப் பாகையில் நடுங்கிக்கொண்டு, பிள்ளைகளையும் ஏற்றித் திரிந்த மகன் இதைக் கேட்டுச் சற்றுநேரம் துணியாற் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். மூட்டுகள் இரண்டையும் புதிதாக மாற்றுவதாகச் சொன்னார், மறுவாரம் மாற்றியும்விட்டார். வளையமும் வந்தது.

அதன்பின் ஒரு ஞாயிறு காலை, 75ஆம் இலக்கப் பெருவீதியில் வண்டியை ஓட்டிப் பார்த்தனர். பின்னாசனத்தில் நமக்கும் இடங்கிடைத்தது. முன்னே மகனுக்குப் பக்கத்திற் கிழவர், உள்ளங்கையைத் தமக்கும் மகனுக்கும் நடுவிலுள்ள தளமேட்டில் ஊன்றியபடி இருந்தார். அதற்குக் கீழேதான் தண்டு சுழல்கின்றது. ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபது. எஞ்சினின் முழக்கத்தைத் தவிர வேறொன்றும் நமக்குக் கேட்கவில்லை. “காலை எடு” என்றார் கிழவர். எடுத்தார். “அழுத்து.” அழுத்தினார். மூன்று தடவை இவ்வாறு நடந்தது. மகன் வீதியைப் பாராமல் தந்தையாரைப் பார்க்கத் தொடங்கியதால் நாம் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டோம்.

கிழவர் கையை எடுத்து மடியில் வைத்தார். “பின்னால் இடதுபக்கத்து ஷொக் அப்சோபர் போய்விட்டது” என்றார். “பவனிக்கு முன் அதை மாற்றவேண்டும். இம்முறை நான் சொல்லும் கடையில் வாங்கு.”

எந்தக் கடை, என்ன விலை, எந்த அளவு என்ற தர்க்கம் உடனே தொடங்கிற்று. வீட்டு வாயிலில் எஞ்சினை நிறுத்திய பின்பும் அது முடியவில்லை. அவர்களை வண்டியிலேயே விட்டுவிட்டு, நாம் இறங்கி வேலியைக் கடந்து வந்தோம்.